பணித்தளத்து ஆலயத்தில் தமிழ்க் கல்வெட்டு, நம்ம ஊர் ராகம்: இது சரியா?

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பணித்தளத்தில் இருந்தவர்களும் இப்போது இருப்பவர்களும் இங்கே எழுதுகிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

எங்கள் சேகரத்து (பக்கத்துப் பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) மிஷனெரி சங்கம் ஜார்க்கண்டில் சந்தால் மக்கள் நடுவே ஒரு பணித்தளத்தைத் தாங்கி வருகிறது. வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி எடுத்து வைப்பது, பண்டிகை ஏலம், சங்கக் காணிக்கை என்று பல வருஷமாக எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்த்த காசு அது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, பெருமைதான். போன ஜனவரியில் ஜெபக்குழுவோடு அங்கே போய்வந்தோம். சோஹ்ராய் பண்டிகை முடிந்த கையோடு போனதால் ஊரெங்கும் மண்சுவரைப் புதுசாகப் பூசி மாடும் மயிலும் பூவுமாக வரைந்திருந்தார்கள். விசுவாசிகளின் வீட்டுச் சுவர்கள் மட்டும் வெறும் பூச்சோடு இருந்தன.

ஆலயம் கான்கிரீட் கட்டடம். கூர் வளைவு ஜன்னல், முகப்பில் சிலுவை, எங்கள் பக்கத்து ஊர் ஆலயத்தை அப்படியே சின்னதாக்கி வைத்த மாதிரி இருந்தது. உள்ளே நுழைந்ததும் வலது பக்கச் சுவரில் கறுப்புக் கிரானைட் பலகை, தங்க எழுத்தில் தமிழில் இன்னாரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் உபயம் என்று பொறித்திருந்தது. மின்விசிறி இறக்கைகளிலும் தமிழ்ப் பெயர்கள். அந்தச் சபையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் மிஷனெரி குடும்பத்தைத் தவிர ஒருவரும் இல்லை. ஆராதனை சந்தாலி மொழியில்தான் நடந்தது, ஆனால் பாட்டு ஆரம்பித்ததும் எங்கள் குழுவில் எல்லாரும் கூடவே பாடத் தொடங்கிவிட்டார்கள், ஏனென்றால் ராகம் எல்லாம் நம் கன்வென்ஷன் பாட்டு. கீபோர்டில் அதே ரிதம்.

சாயங்காலம் சபையில் மூப்பரான ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். உத்தரத்தில் தமாக், தும்தாக் இரண்டு மேளமும் தொங்கின. கேட்டதும் இறக்கி மடியில் வைத்துக்கொண்டு தும்தாக்கை வாசித்தார். விரல் படும் இடமெல்லாம் ஒவ்வொரு சத்தம், முற்றத்தில் இருந்த பிள்ளைகள் கால் மாற்றி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். இதை ஏன் ஆராதனையில் வாசிப்பதில்லை என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் மிஷனெரி அண்ணன் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை விடவில்லை.

ஊருக்கு வந்து கமிட்டியில் பேசினால், "அது போங்காவுக்கு அடிச்ச மேளம், உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று முடித்துவிட்டார்கள். போங்கா என்றால் சந்தால் மக்கள் வணங்கும் ஆவி. நாம் அங்கே சுவிசேஷத்தைக் கொண்டுபோனோமா, கூடவே திருநெல்வேலியையும் கட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டோமா? இல்லை, ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இந்தக் கேள்வி கேட்கவே உரிமை இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலையடிவாரம்:

தம்பி, கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். நான் வடக்கே வேறொரு ஆதிவாசி மக்கள் நடுவே வாலிபத்தில் போய் தலை நரைத்துத் திரும்பியவன். சந்தால் பகுதியில் ஊழியம் செய்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேளத்தை மிஷனெரிதான் தடுத்தார் என்று உடனே முடிவு கட்டாதே. முதல் தலைமுறை விசுவாசிகளுக்கு அந்த மேளம் வெறும் மேளம் இல்லை. எந்த அடிக்கு எந்த ஆவி இறங்கும், எந்த இரவில் எந்தச் சேவலை அறுத்தார்கள் என்பது அவர்களுக்கு உடம்பிலேயே தெரியும். பக்கத்து வீட்டில் அடித்தால் இன்னும் பயப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீயும் நானும் இசையாகக் கேட்கிறோம், அவர்கள் அதை அழைப்பாகக் கேட்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், "இது உங்கள் கலாசாரம், இதை விடக்கூடாது" என்று நாம் வற்புறுத்தினால் அதுவும் ஒரு திணிப்புதான்.

மிசோராமைப் பார். மிஷனெரிமார் ஐசாலுக்கு வந்தது 1894-ல். சபையின் ஆரம்ப வருஷங்களில் ஆலயத்துக்குள் மேளம் கிடையாது. 1919 வாக்கில் எழுந்த எழுப்புதலில்தான் மேளம் உள்ளே வந்தது, அதை உள்ளே கொண்டுவந்தவர்கள் மிசோ விசுவாசிகள். கால் நூற்றாண்டு போனது. இன்றைக்கு அந்தச் சபைகளில் மேளம் இல்லாத கூட்டுப்பாட்டை நினைக்கவே முடியாது.

ஆனால் நீ சொன்ன அந்தப் பார்வை இருக்கிறதே, அதை நானும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மூப்பர் தன் மனசாட்சியைக் கேட்டு வேண்டாம் என்று சொன்னால் சரி. மிஷனெரி முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லவேண்டிய நிலை இருந்தால் அது சரியில்லை. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். கிட்ட இருந்து பார்க்கிறவனுக்குத்தான் வித்தியாசம் புரியும்.

ராகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருந்த இடத்தில் ஆரம்பத்தில் எங்களுக்குத் தெரிந்த ராகத்தில்தான் சொல்லிக்கொடுத்தோம், வேறு என்ன தெரியும். ஒரு ஆடி மாத மழையில் நாற்று நடும்போது பெண்கள் தங்களுக்குள்ளேயே ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று கேட்டால் காணாமல்போன ஆட்டின் கதை, முந்தின ஞாயிறு நான் சொன்ன உவமை. நடவுப் பாட்டு ராகத்தில் ஒருத்தி வரி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள், ஆடு தொலைந்த இடம் அவர்கள் ஊர் நீரோடையாக மாறியிருந்தது. நான் செய்தது ஒன்றே ஒன்று, அடுத்த ஞாயிறு ஆராதனையில் அதைப் பாடச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டார்கள், அப்புறம் நிறுத்தவே முடியவில்லை.

அந்தக் கிரானைட் பலகைக்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. அது யாருக்காக அங்கே இருக்கிறது?

பழைய ஏடுகள்:

நல்ல இழை. வரலாற்றுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன், நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தால் மக்களிடம் சுவிசேஷம் தமிழர்களோடு வந்து இறங்கவில்லை. 1867-ல் டும்கா பக்கம் பெனாகாடியாவில் எபெனேசர் மிஷனைத் தொடங்கியவர்கள் நார்வேக்காரரான லார்ஸ் ஸ்க்ரெஃப்ஸ்ருட்டும் டென்மார்க்கைச் சேர்ந்த பெர்ரசனும். ஸ்க்ரெஃப்ஸ்ருட் செம்பு வேலை பழகியவர், திருட்டு வழக்கில் சிறைக்குப் போய் அங்கே மனந்திரும்பி, சிறைக்குள்ளேயே மொழிகள் படித்தவர். அவர் வரும்போது 1855-ன் சந்தால் கிளர்ச்சி, அவர்கள் ஹூல் என்று சொல்வது, ரத்தத்தில் அடக்கப்பட்டுப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வட்டிக்காரனிடமும் ஜமீன்தாரிடமும் நிலத்தை இழந்து தோற்றுப்போன ஒரு ஜனம். அந்த நேரத்தில் ஸ்க்ரெஃப்ஸ்ருட் செய்த ஒரு வேலை: 1871-ல் கொலேயான் என்ற முதிய சந்தால் குருவை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல முன்னோர் கதை, குலப் பிரிவுகள், கல்யாணமுறை, சாவுச் சடங்கு எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். 1887-ல் அது சந்தாலியிலேயே அச்சானது. அந்த ஜனம் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்றைக்கும் திறந்து பார்க்கும் நூல் அது. 1890-ல் வந்த போடிங் ஐந்து தொகுதிகளில் சந்தாலி அகராதியே செய்தார்.

அவர்கள் குறையில்லாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கேட்டு எழுதுவது ஊழியத்தின் பாகம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மிஷனில் வளர்ந்த லுத்தரன் சபை அதே வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது. உங்கள் பணித்தளத்தில் யாராவது அவர்களுடைய பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நூற்றைம்பது வருஷ விசுவாசம் பக்கத்திலேயே இருக்கும்போது அதைத் தாண்டிப்போய் நம் ராகத்தை இறக்கவேண்டிய அவசியம் என்ன?

கேட்டு எழுதியவர்களுக்கு அனுப்பியவர்களிடமிருந்து என்ன கிடைத்தது என்பதும் நமக்குத் தெரிந்த கதை. ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழரின் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி 1713-ல் ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே ஹாலே நகரில் இருந்து மிஷன் வேலையை நடத்திய பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை வேரோடு பிடுங்கத்தான் மிஷனெரிகளை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். அந்தக் கையெழுத்துப் பிரதி கடைசியில் சென்னையில் அச்சானது 1867-ல். கமிட்டி அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் களத்தில் இருப்பவனுக்கும் இடையில் அன்றைக்கே இந்த இழுபறி உண்டு.

நம் ஆள் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டித் தொண்டிக்கு ஊழியர் அனுப்புவதைப் பார்த்தார். மறுவருஷம் பிப்ரவரியிலேயே திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நம்மவர்கள் நம் காசில் நம் ஆட்களை அனுப்புவது என்ற எண்ணம், உங்கள் சேகரத்து கைப்பிடி அரிசி உட்பட, பெரிய அளவில் அங்கிருந்து வருகிறது. 1909-ல் அவரே நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு படித்து, ஊருக்கு வெளியே தள்ளப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்கள் நடுவே ஊழியம் செய்தார்.

1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், மேடையில் நின்று, உங்களுக்குக் கோடி நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் சொன்னது வேறு. வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்தும் இந்தியப் போதகரை ஒருவேளை சாப்பாட்டுக்குத் தன் மேஜைக்கு அழைக்காத மிஷனெரிகளைப் பற்றிப் பேசினார். உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கூட்டத்தில் பலருக்குக் கோபம் வந்தது. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தோர்ணக்கல் பேராலயத்தில் கோயில் மண்டபம் போன்ற தூண்களும் மசூதி போன்ற குவிமாடமும் சேர்ந்து நிற்கும், 1939-ல் பிரதிஷ்டை செய்தார்கள். இங்கிலீஷ் ஜெபப் புத்தகத்தையும் அவர் விடவில்லை, அதுவும் உண்மை.

தாமிரபரணிக்கரை, உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி. போன இடத்தில் உங்கள் குழு எங்கே சாப்பிட்டது?

பெரோயா:

ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன், சண்டைக்கு வரவில்லை. எருசலேம் சபை கூடித் தீர்மானித்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் 15-ஐ இந்தப் பேச்சில் எல்லாரும் எடுப்பார்கள், சரிதான், புறஜாதியார் மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தவில்லை. ஆனால் அதே சபைதான் விக்கிரகங்களுக்குப் படைத்ததற்கு விலகியிருங்கள் என்று எழுதி அனுப்பியது. எதையும் சுமத்தாதே என்பது பாதி, எல்லாம் உள்ளே வரலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சுவர்ச் சித்திரம் பூவும் மாடுமாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் கிடையாது. சோஹ்ராயில் மாட்டுக்கும் தெய்வத்துக்கும் செய்கிற சடங்கோடு சேர்ந்த சித்திரமாக இருந்தால், பலவீனமான சகோதரனுக்கு அது இடறல். 1 கொரிந்தியர் 8-ஐப் படித்துவிட்டு, அங்குள்ள விசுவாசிகளே உட்கார்ந்து தீர்மானிக்கட்டும். தம்புரோடும் நடனத்தோடும் அவரைத் துதியுங்கள் என்று சங்கீதம் 150 சொல்கிறது, அது எனக்கும் தெரியும்.

கருக்கல்:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். தாமிரபரணிக்கரை பிரதர், உங்கள் மனசு நல்ல மனசு, அதனால்தான் நேராகச் சொல்கிறேன். மக்கள் கலாசாரத்தை மதிக்க வேண்டும் என்று சொல்லும்போது எந்த மக்கள், அந்த மக்களில் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நான் திண்டுக்கல் பக்கம் சேரியில் பிறந்தவள். இந்த வார்த்தையை வைத்து எங்களுக்கு நடந்தது அதிகம்.

இத்தாலிய சேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்து காவி கட்டி, சைவ உணவு சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார் என்று கலாசார ஊழியத்துக்கு முதல் உதாரணமாகச் சொல்வார்கள். பெரிய அறிவு, பெரிய தியாகம், நான் மறுக்கவில்லை. பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் கிறிஸ்தவனுக்கு ஆகும் என்று 1623-ல் போப்பாண்டவரே அனுமதி கொடுத்தார். ஆனால் அந்த வாழ்க்கையை நடத்த அவர் ஏற்கெனவே மதுரையில் இருந்த பரவர் சபையிலிருந்தும் அங்கிருந்த கத்தோலிக்கச் சாமியாரிடமிருந்தும் விலகி வாழ வேண்டியிருந்தது. கலாசாரத்தை மதித்தார், அந்தக் கலாசாரத்துக்குள் சாதியும் இருந்தது, அதுவும் கூடவே ஆலயத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

வடக்கன்குளத்தில் ஒரே கத்தோலிக்கக் கோயிலுக்குள் இரண்டு சாதிக்கு இரண்டு பக்கம், நடுவில் சுவர். பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, சுவரும் இருந்தது. 1910-ல்தான் இடித்தார்கள். அசரியா எடின்பரோவில் பேசிய அதே வருஷம்.

இந்தப் பக்கத்து புராட்டஸ்டண்ட் கதையும் சுத்தமில்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நானும் கண்ணீரோடு பாடியிருக்கிறேன். 1820-களில் புதிதாக வந்த மிஷனெரிகள் தமிழ்ப் பாட்டையும் பூவையும் சந்தனத்தையும் குறைத்தபோது அவர் எதிர்த்து நின்றார், அது நியாயம். ஆலயத்தில் சாதிவாரியாக உட்காருவதை அவர்கள் நிறுத்தச் சொன்னபோதும் எதிர்த்து நின்றார், அது அநியாயம். இரண்டும் அவருக்கு ஒரே மூட்டையாக இருந்தது. 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் வில்சன் சாதியை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டதும் எத்தனையோ குடும்பங்கள் சபையை விட்டே போனார்கள். சாதியை ஒழிக்கச் சொன்னவர் வெளிநாட்டுக்காரர். கலாசாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னவர்கள் நம்மவர்கள். இதை ஒளித்துவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது.

இப்போது மேளத்துக்கு வருகிறேன். சந்தால் தும்தாக்குக்காக மனம் வருந்துகிறீர்கள். உங்கள் ஆலயத்தில் பறை அடித்திருக்கிறார்களா? கிறிஸ்துமஸ் பவனியில் டிரம்ஸ் வரும், பேண்டு வரும், நாதஸ்வரம் கூட வரும். என் தாத்தா பறை அடித்தவர். ஞானஸ்நானம் எடுத்தபோது அதைத் தூக்கிப் பரணில் போட்டார், போடச் சொன்னார்கள். சாவுக்கு அடிக்கிறது, அசிங்கம், அதோடு எந்தச் சாதி என்றும் காட்டிக்கொடுக்கும். எங்கள் சபைக்குள் வந்த தமிழ்க் கலாசாரம் கர்நாடக ராகம். அது எங்கள் தெருவில் கேட்ட ராகம் இல்லை.

அப்புறம் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு ஐயா, பரட்டை அண்ணன் என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள், 2005-ல் இறந்துபோனார், அவர் நாட்டுப்புற மெட்டிலேயே முழு ஆராதனை முறை செய்தார். எங்கள் பேச்சு, எங்கள் அடி, எங்கள் தாளம். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் அவர் திருவிருந்தின் மையமாக வைத்தார். முதல்முறை அந்த ஆராதனையில் பறைச் சத்தம் கேட்டபோது என் அம்மா நடுங்கிப்போனார், ஆலயத்தில் அடிக்கலாமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிவதற்குள் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் மலையடிவாரம் ஐயா சொன்னதை ஏற்கிறேன், அவர்கள் மேளத்தைப் பற்றி அவர்களே தீர்மானிக்க வேண்டும். அப்படித் தீர்மானிக்கும்போது அங்கே ஊர்த் தலைவர் மட்டும் பேசுகிறாரா, பெண்கள் பேசுகிறார்களா, நிலம் இல்லாதவர்கள் பேசுகிறார்களா என்றும் பாருங்கள்.

பணித்தளத்துப்பிள்ளை:

அக்கா எழுதியதற்குப் பிறகு எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் நான் ஜார்க்கண்டில் வளர்ந்தவன். அப்பா அம்மா அங்கே ஊழியம், நான் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டில் விடுதி, லீவுக்கு மட்டும் அங்கே. சந்தாலி எனக்கு விளையாட்டு மொழி.

முதல் விஷயம், நம் ராகம் எல்லாம் நாம் திணித்ததல்ல. என்னோடு விளையாடிய பையன்களில் பாதிப் பேர் திருப்பூரிலும் கேரளாவிலும் வேலை செய்கிறார்கள். அங்கே தமிழ் சபைக்குப் போய், போனில் பாட்டை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள். கீபோர்டு வேண்டும் என்று கேட்பது அந்த வாலிபர்கள்தான், தும்தாக் வேண்டும் என்று கேட்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற நம்மைப் போன்றவர்கள். அவர்களை அருங்காட்சியகத்தில் வைக்க நமக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது விஷயம் இதைவிட அவசரமானது. ஞானஸ்நானம் எடுத்தவன் ஆதிவாசியே இல்லை, பழங்குடிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு என்ற கோரிக்கை அங்கே பலமாக எழுந்திருக்கிறது. 2017-ல் மாநிலத்தில் மதமாற்றத் தடைச் சட்டமும் வந்துவிட்டது. நிலம், படிப்பு, வேலை எல்லாம் அந்தப் பட்டியலோடு கட்டப்பட்டது. அப்படியிருக்கும்போது ஆலயச் சுவரில் யாருக்கும் புரியாத ஒரு எழுத்தில் கிரானைட் பலகை இருந்தால், இவர்கள் வெளியாரின் மதத்துக்குப் போய்விட்டார்கள் என்று சொல்கிறவனுக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி. நாம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவோம், பதில் சொல்லவேண்டியது அந்த மூப்பர்.

மூன்றாவது, காசு. எங்கள் சபை உபதேசியாரின் சம்பளம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. மாத அறிக்கை தமிழ்நாட்டுக்குப் போனது. அதனால் என்ன பாடலாம் என்பதை யாரும் உத்தரவாகச் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை, எல்லாருக்கும் தானாகவே தெரிந்தது. மிசோக்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துத்தான் நூறு வருஷமாக மிஷனெரிகளை அனுப்புகிறார்கள், நம்ம ஊர்ப் பாட்டிமார் செய்வதும் அதே வேலை. சந்தால் சபையிலும் ஒரு பிடி அரிசி எடுக்கத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, வாங்குகிறவர்களாகவே வைத்திருக்கிறோம். என் அம்மா ஒருதரம் கேட்டுப்பார்த்தார். அறுவடை முடிந்த வாரம் கூடை கூடையாக நெல் வந்தது, அந்த வருஷம் பக்கத்து ஊருக்கு ஒரு ஊழியரை அவர்களே தாங்கினார்கள். அந்த வருஷம் சபைக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பேசினார்கள்.

தாமிரபரணிக்கரை:

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி.

பழைய ஏடுகள் ஐயா, நாங்கள் மிஷனெரி வீட்டில்தான் சாப்பிட்டோம். தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று ஊரிலிருந்தே ஒரு சமையல்காரரையும் மசாலாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அந்தப் பெரியவர் வீட்டில் மட்டும் சால் இலையில் அரிசிப் பொரியும் வெல்லமும் வைத்தார்கள், நாலைந்து பேர் எடுத்துக்கொண்டோம், மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த பயணத்துக்குப் பேர் கொடுக்கிறவர்களிடம் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும் என்று எங்கள் செயலரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் சரி என்றார்.

கருக்கல் சிஸ்டர், எங்கள் ஆலயத்தில் பறை அடித்ததில்லை. எங்கள் சேகரத்தில் அதற்கு என்ன பதில் வரும் என்றும் தெரியும். அந்தப் பேச்சை எடுப்பேன்.

பலகை விஷயத்தில் ஒரு சிக்கல். அதைக் கொடுத்த குடும்பம் எங்கள் தெருதான், இறந்துபோன தங்கள் அப்பாவின் பெயர் அது. நல்ல மனிதர், மிஷனெரி காரியங்கள்மேல் உயிராக இருந்தவர். எடுங்கள் என்று எப்படிச் சொல்வது?

மலையடிவாரம்:

கமிட்டிக்குக் கொண்டுபோகாதே தம்பி, அங்கே போனால் அது கௌரவப் பிரச்சனை ஆகிவிடும். நேராக அந்த வீட்டுக்குப் போ, மூத்த பிள்ளையிடம் தனியாகப் பேசு. பணித்தளத்துப்பிள்ளை எழுதியிருக்கிறாரே, அந்த மூப்பர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று, அதை அப்படியே சொல். அப்பா இருந்திருந்தால் அந்த மக்களுக்குக் கஷ்டம் வரும் என்று தெரிந்த பிறகு என்ன செய்திருப்பார் என்று அவர்களே யோசிக்கட்டும். பலகையை உங்கள் ஊர் ஆலயத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கே அந்த இடத்தில் என்ன வைப்பது, ஒன்றும் வைக்காமல் விடுவதா என்பதைச் சபை மூப்பர்கள் சொல்லட்டும். ஆனால் எடுப்பதற்கு முன் உங்கள் மிஷனெரிக்குப் போன் போட்டுப் பேசிவிடு, தன்மேல் குறை சொல்லிப் புகார் போயிருக்கிறது என்று அவர் நினைத்துவிடக் கூடாது. தனியாகக் கிடந்து பாடுபடுகிற மனிதர், அவருக்கும் நம்மைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.

மேளத்தைப் பற்றி இப்போதைக்கு யாரிடமும் ஒன்றும் சொல்லாதே. அடுத்த தடவை போகும்போது சமையல்காரர் இல்லாமல் போ, அந்தப் பெரியவர் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கு.

பணித்தளத்துப்பிள்ளை:

தங்குவதாக இருந்தால் நடவு சமயத்தில் போங்கள் அண்ணா, ஜூலை. வேலைக்கு ஆள் வேண்டியிருக்கும். சந்தாலியில் நாலு வார்த்தை நான் சொல்லித்தருகிறேன், தனிமடலில் வாருங்கள்.